எரியும் பாதங்களுக்கு எந்த மருந்து? நரம்பு வலிக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கும், சிவாஜிநகரில் இருக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தொல்லை. பகலில் பாதம் மதமதப்பாக இருக்கும், ராத்திரி படுத்ததும் எரியத் தொடங்கும். இருவருக்கும் காரணம் சர்க்கரை நோய்தான். ஆனால் பெரியப்பாவுக்கு நன்றாக வேலை செய்த மாத்திரை அம்மாவுக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. நான் டாக்டர் இல்லை. இருவரின் மருந்துச் சீட்டுகளையும் பார்த்துக்கொள்பவள், அவ்வளவுதான். அந்த இரண்டு சீட்டுகளும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்று தேடிப் படித்ததில் ஒன்று தெளிவானது. நரம்பு வலிக்கு எது வீரியமான மருந்து என்று தேடுவதில் பெரிய பயன் இல்லை. எந்த உடம்புக்கு எந்த மருந்தின் தொல்லை தாங்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வலியோடு இருப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் டாக்டரிடம் போகும் முன் படித்துக்கொள்ள இதை எழுதுகிறேன்.

முதலில் அது நரம்பு வலிதானா என்று தெரிய வேண்டும்

மூட்டு வீங்கினாலோ அடிபட்டாலோ அந்த இடத்தில் சுரக்கும் ரசாயனங்கள் நரம்பைத் தூண்டுகின்றன. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்த ரசாயனங்கள் உருவாவதைத் தடுப்பதால் வலி அடங்குகிறது. நரம்பு வலியில் பாதத்தில் வீக்கமும் இருக்காது, காயமும் இருக்காது. பழுதான நரம்பு இழைகள் தாமாகவே சமிக்ஞை அனுப்புகின்றன. நாளாக நாளாகத் தண்டுவடம் அந்தச் சமிக்ஞையைப் பெரிதாக்கி மூளைக்கு அனுப்பப் பழகிவிடுகிறது. டைக்ளோஃபெனாக்குக்கு அங்கே வேலையே இல்லை. வேலை இல்லாத அந்த மாத்திரையைச் சர்க்கரை நோயாளி மாதக்கணக்கில் கடையில் கேட்டு வாங்கி விழுங்கினால் கிட்னிதான் பாதிக்கப்படும். மருந்துக் கடைக்காரரிடம் "கால் வலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்கும் பழக்கத்தை நம் வீடுகளில் இன்றே விட்டால் நல்லது.

டாக்டர்கள் பயன்படுத்தும் டிஎன்4 என்ற கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. எரிச்சல் இருக்கிறதா, வலி தரும் குளிர்ச்சி இருக்கிறதா, ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறதா, ஊசி குத்துகிறதா, மரத்துப்போகிறதா, அரிக்கிறதா என்றெல்லாம் கேட்டு, பிறகு தொட்டும் குத்தியும் பார்ப்பார்கள். மொத்தம் 10 விஷயங்கள். நான்கோ அதற்கு மேலோ 'ஆம்' என்றால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே டாக்டரிடம் வெறும் 'கால் வலி' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். எப்படி வலிக்கிறது, எந்த நேரத்தில், போர்வை பட்டால் தாங்க முடிகிறதா என்று சொல்லுங்கள். டாக்டர் கன்னடக்காரராக இருந்தால் எரிச்சலை 'உரி' என்றும் மதமதப்பை 'ஜோமு' என்றும் சொன்னாலே புரிந்துகொள்வார்.

மருந்தை ஒப்பிடுவதற்கு முன், சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சர்க்கரை முதல் சந்தேகம். ஆனால் சர்க்கரை நோய் இருப்பதாலேயே எல்லா எரிச்சலையும் அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் இன்னும் அதிகமாகக் குறையலாம். பி12 குறைபாடே பாதத்தை மரத்துப்போக வைக்கும், எரிய வைக்கும். அது சுகரால் வந்தது என்று விட்டுவிட்டால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யக்கூடிய ஒன்றைக் கோட்டை விட்டதாகிவிடும். தைராய்டு, தொடர்ந்த குடி, டிபிக்குக் கொடுக்கும் ஐசோனியசிட், கீமோதெரபியில் பயன்படும் பேக்லிடாக்சல், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள், தொழுநோய் ஆகியவையும் நரம்பைப் பாதிக்கும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c), பி12, தைராய்டு, கிரியேட்டினின் ஆகிய நான்கு ரத்தப் பரிசோதனைகளும் கையில் இருந்தால் டாக்டரின் வேலை பாதி குறையும். கிரியேட்டினின் எதற்கு என்பது பின்னால் வரும்.

நரம்பு ஓட்டப் பரிசோதனை எடுத்து எல்லாம் நார்மல் என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம். அந்தப் பரிசோதனை பெரிய நரம்பிழைகளைத்தான் அளக்கிறது. எரிச்சலைக் கடத்துபவை மெல்லிய இழைகள். அவை மட்டும் பழுதாகியிருந்தால் அறிக்கை சரியாகவே வரும், வலி இருக்கவே செய்யும். "ரிப்போர்ட் நார்மல்தானே, எல்லாம் மனசுதான்" என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

சர்க்கரையைக் குறைப்பது அவசியம், ஆனால் அவசரம் கூடாது. மூன்று மாதச் சர்க்கரை அளவு மூன்றே மாதத்தில் 2 புள்ளிகளுக்கு மேல் சரசரவென்று இறங்கினால், அந்த வேகத்தாலேயே சிலருக்குக் கடுமையான நரம்பு வலி புதிதாகக் கிளம்புவது உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் சுகரைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று பட்டினி கிடப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று மாத்திரை வகைகள்

சர்க்கரையால் வரும் நரம்பு வலிக்கு உலகமெங்கும் முதல் வரிசையில் நிற்பவை மூன்று வகைகள். அமிட்ரிப்டிலின் (அதன் தம்பி நார்ட்ரிப்டிலினும் இதில் சேர்த்தி), டுலாக்ஸெடின், அப்புறம் கேபபென்டினும் பிரிகாபாலினும்.

முதல் இரண்டும் மனச்சோர்வுக்காக வந்த மருந்துகள். மூன்றாவது வகை வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படுவது. இங்கேதான் நம் வீடுகளில் பாதிப் பேரின் சிகிச்சை நின்றுபோகிறது. பிள்ளைகள் மாத்திரையின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு எதுக்கு மெண்டல் மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். விஷயம் இதுதான்: வலியை அடக்க மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் நரம்புப் பாதை ஒன்று இருக்கிறது. அது நார்அட்ரினலின், செரட்டோனின் என்ற ரசாயனங்களைக் கொண்டு வேலை செய்கிறது. அமிட்ரிப்டிலினும் டுலாக்ஸெடினும் அந்த ரசாயனங்களைக் கூடுதல் நேரம் தங்கவைத்து, வலியை அடக்கும் பாதையைப் பலப்படுத்துகின்றன. மனச்சோர்வே இல்லாதவருக்கும் வலி குறைகிறது. அமிட்ரிப்டிலினை வலிக்குக் கொடுக்கும் அளவும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைவுதான். பிரிகாபாலினும் கேபபென்டினும் வேறு வழியில் போகின்றன. அளவுக்கு மீறிக் கிளர்ந்திருக்கும் நரம்பு முனைகளுக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, சமிக்ஞையைத் தணிக்கின்றன.

எது வலுவானது? 2015இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று, வலி பாதியாகக் குறைந்தவர்களைக் கணக்கெடுத்தது. போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, கூடுதலாக ஒருவருக்கு அப்படிப் பலன் கிடைக்க எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அமிட்ரிப்டிலின் வகைக்குச் சுமார் 3.6, டுலாக்ஸெடின் வகைக்கு 6.4, பிரிகாபாலினுக்கு 7.7. அமிட்ரிப்டிலின் தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் அதைப் பற்றிய ஆய்வுகளில் பல பழையவை, சிறியவை. அப்படிப்பட்ட ஆய்வுகளில் பலன் பெரிதாகத் தெரிவது வழக்கம். எனக்கு இந்த எண்களில் முக்கியமாகப் படுவது வேறு. எந்த மருந்தும் எல்லோருக்கும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது நமக்குக் கேட்காமல் போவது சாதாரணம்.

அதைவிட உதவியான ஆய்வு 2022இல் பிரிட்டனில் நடந்து லான்செட் இதழில் வந்தது. சர்க்கரை நரம்பு வலி உள்ள 130 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் மூன்று வழிகளிலும் மாற்றி மாற்றி நடத்தினார்கள். அமிட்ரிப்டிலினில் தொடங்கி, போதாவிட்டால் பிரிகாபாலினைச் சேர்ப்பது ஒரு வழி. பிரிகாபாலினில் தொடங்கி அமிட்ரிப்டிலினைச் சேர்ப்பது இரண்டாவது. டுலாக்ஸெடினில் தொடங்கிப் பிரிகாபாலினைச் சேர்ப்பது மூன்றாவது. ஒவ்வொரு வழிக்கும் 16 வாரம். பத்துக்கு 6.6 ஆக இருந்த சராசரி வலி மூன்று வழிகளிலும் 3.3க்கு இறங்கியது. வலியில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் பக்கவிளைவில்தான். பிரிகாபாலினில் தொடங்கியவர்களுக்குத் தலைச்சுற்றல் அதிகம், டுலாக்ஸெடினில் குமட்டல் அதிகம், அமிட்ரிப்டிலினில் வாய் உலர்வது அதிகம். வலி முழுதாகப் போய்விடவில்லை, பாதியானது என்பதையும் கவனியுங்கள். பாதியானால் தூக்கம் வரும், கோயிலுக்கு நடக்க முடியும். அதை எதிர்பார்த்துத்தான் மருந்தைத் தொடங்க வேண்டும். அடியோடு மறைந்துவிடும் என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள், வலி உண்மையில் குறைந்திருக்கும்போதே 'கேட்கவில்லை' என்று மருந்தை விட்டுவிடுகிறார்கள்.

சரி, அப்படியானால் யாருக்கு எது?

ஸ்ரீராமபுரத்தில் விடியற்காலையில் வண்டி எடுக்கும் ஆட்டோக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிகாபாலின் தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரலாம், அமிட்ரிப்டிலினின் மயக்கம் காலைவரை நீளலாம். அவருக்கு டுலாக்ஸெடினிலிருந்து பேச்சைத் தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 30 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் 60க்கு உயர்த்துவது வழக்கம். முதல் இரண்டு வாரக் குமட்டலைத் தாண்ட, வெறும் வயிற்றில் சாப்பிடாமல் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். ஆனால் அவர் தினமும் குடிப்பவர் என்றால் டுலாக்ஸெடின் கூடாது, அது கல்லீரலைக் கெடுக்கலாம். ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறலாம், பார்த்துக்கொள்ள வேண்டும். கிட்னி மிகவும் கெட்டிருந்தாலும் இது ஆகாது.

பீன்யாவில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் ஒரு பெண்மணி. ராத்திரி எரிச்சலில் தூக்கமே இல்லை, மாத வருமானத்தில் மருந்துக்கு ஒதுக்க அதிகம் இல்லை, வயது 45, இதயக் கோளாறு எதுவும் இல்லை. அவருக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ராத்திரிக்கு. மூன்றிலும் விலை குறைந்தது இதுதான், தூக்கமும் கூடவே வரும். மாத்திரையைத் தூங்கப் போகும் நேரத்தில் போடாமல் ஏழெட்டு மணிக்கே போட்டால் மறுநாள் காலை மயக்கம் குறையும். வாய் உலர்வும் மலச்சிக்கலும் வரலாம். டாக்டர் மெல்ல மெல்ல 25, 50 என்று ஏற்றுவார்.

அதே மாத்திரை, ஜீவன்பீமா நகரில் இருக்கும் 72 வயது ஓய்வுபெற்ற தாத்தாவுக்கு ஆபத்தாகலாம். பிராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஒருவகைக் கண் அழுத்த நோய் இருந்தால் அது முற்றும். இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இருந்தால் துடிப்பு தாறுமாறாகும். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகையில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பாத எரிச்சலைவிடப் பெரிய கதை. அவருக்குக் கேபபென்டினோ பிரிகாபாலினோ சிறிய அளவில் தொடங்குவது பொருத்தம். ஆனால் இவை இரண்டும் கிட்னி வழியாகத்தான் வெளியேறுகின்றன. மேலே கிரியேட்டினின் கேட்டது இதற்காகத்தான். கிட்னி தளர்ந்திருந்தால் வழக்கமான அளவே அவருக்கு அதிக டோஸ் ஆகி, நாள் முழுக்க உளறலும் மயக்கமுமாகக் கிடப்பார். குடும்பம் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

பிரிகாபாலினுக்கு இன்னொரு தொல்லை, எடை ஏறுவதும் கால் வீங்குவதும். சர்க்கரைக்குப் பயோகிளிடசோன் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தே காலை வீங்க வைக்கும். இரண்டும் சேர்ந்தால் வீக்கம் கூடும். எங்கள் அம்மாவுக்கு நடந்தது இதுதான். பிரிகாபாலினை நிறுத்தி டுலாக்ஸெடினுக்கு மாற்றியபின் கால் வீக்கமும் வடிந்தது, கூடவே இருந்த முட்டி வலியும் ஓரளவு குறைந்தது. டுலாக்ஸெடின் நாள்பட்ட மூட்டு வலிக்கும் கொடுக்கப்படுவதுதான், அதனால் இது எதிர்பாராத அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை. பெரியப்பாவுக்குப் பிரிகாபாலின் இன்றும் நன்றாகவே ஒத்துப்போகிறது.

மூச்சுத் திணறல் நோய் உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடிப்பவர்கள் ஆகியோர் பிரிகாபாலின் வகையை எடுப்பதற்கு முன் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். மூச்சு மந்தமாகும் அபாயம் உண்டு.

எதைத் தேர்ந்தாலும் அதற்குக் காலம் கொடுக்க வேண்டும். பிரிகாபாலின் சில நாட்களிலேயே கொஞ்சம் காட்டும். மற்றவற்றுக்குச் சில வாரங்கள் ஆகும். தாங்கக்கூடிய முழு அளவை எட்டி, ஆறிலிருந்து எட்டு வாரம் பார்த்த பிறகுதான் ஒரு மருந்து பலிக்கவில்லை என்று சொல்ல முடியும். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு, டாக்டரை மாற்றி, புதுச் சீட்டு வாங்கி, மறுபடியும் பத்து நாள் என்று ஓடுவதைத்தான் நான் சுற்றிலும் பார்க்கிறேன். அப்படி மூன்று மருந்துகளையும் 'முயன்று' முடித்தவர் உண்மையில் ஒன்றைக்கூட முயன்றிருக்க மாட்டார்.

கூட்டு மாத்திரையும் வைட்டமினும்

நம் நாட்டு மருந்துக் கடைகளில் பிரிகாபாலினோடு மெத்தில்கோபாலமின், அதோடு நார்ட்ரிப்டிலின் என்று இரண்டு மூன்றைச் சேர்த்த மாத்திரைகள் ஏராளம். எனக்கு இவை முதல் மருந்தாக வேண்டாம் என்றே படுகிறது. எது பலித்தது, எதனால் தலை சுற்றுகிறது என்று பிரித்தறிய முடியாது. ஒன்றின் அளவை மட்டும் கூட்டவும் முடியாது. தனித்தனியாகத் தொடங்கி, இரண்டும் தேவை என்று தெரிந்தபின் சேர்ந்த மாத்திரைக்குப் போகலாம். "தனி மாத்திரையாக எழுதித் தர முடியுமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். தனி மாத்திரைகள் ஜன் ஔஷதி கடைகளில் மலிவாகவும் கிடைக்கின்றன.

மெத்தில்கோபாலமின் என்பது பி12. பி12 குறைந்தவருக்கு அது மருந்து, கட்டாயம் வேண்டும். பி12 சரியாக இருப்பவருக்கு வலி குறைக்கும் என்று நம்பிச் சாப்பிட வலுவான ஆதாரம் இல்லை. இன்னும் கவனமாக இருக்க வேண்டியது பி6 விஷயத்தில். 'நரம்புக்குச் சத்து' என்று விற்கும் பல மாத்திரைகளில் பிரிடாக்சின் என்ற பெயரில் அது இருக்கும். கூடுதல் அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுத்து, கால் மரத்துப்போக வைக்கும். இரண்டு மூன்று சத்து மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் அட்டையின் பின்னால் பிரிடாக்சின் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கவும்.

வேறு விடை உள்ள மூன்று வலிகள்

இடுப்பிலிருந்து தொடை வழியாகக் கால்வரை சுண்டி இழுக்கும் சயாட்டிகாவுக்கும் இதே பிரிகாபாலினைத் தாராளமாக எழுதுகிறார்கள். 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் செய்த ஆய்வில், போலி மாத்திரையைவிட அது சயாட்டிகா வலியைக் குறைக்கவில்லை. தலைச்சுற்றல்தான் அதிகமாக வந்தது. பெரும்பாலான சயாட்டிகா சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானே தணிகிறது. படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடமாடுவதும் பிசியோதெரபியும் போதும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் வலியைக் குறைக்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஊசிக்குப் பின் சில நாட்கள் சுகர் ஏறும். மூன்று மாதம் ஆகியும் வலி குறையாமல், ஸ்கேனில் தெரியும் அழுத்தமும் வலிக்கும் இடமும் பொருந்தினால் அறுவை சிகிச்சை நியாயமான வழி. ஒன்றுமட்டும் காத்திருக்கக் கூடாது: சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது. இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கன்னத்தில், தாடையில் மின்னல் வெட்டுவது போல் நொடிகளில் வந்து போகும் வலி இருக்கிறது. பல் துலக்கினால், காற்று பட்டால்கூடக் கிளம்பும். பல் வலி என்று நினைத்து நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். இந்த முக நரம்பு வலிக்கு முதல் மருந்து கார்பமசெபின். மேலே சொன்ன மூன்றும் இங்கே பின்வரிசைதான். கார்பமசெபின் தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும், உயிருக்கே ஆபத்தான தோல் நோயாக மாறக்கூடும். மருந்து கைவிட்டால், நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கி வைக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

அக்கி வந்து போன இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் எரிச்சல் மூன்றாவது. அமிட்ரிப்டிலினும் பிரிகாபாலின் வகையும் இதற்கும் கேட்கும். லிடோகைன் 5 சதவீதப் பட்டை ஒட்டுவது வயதானவர்களுக்கு நல்லது, மருந்து ரத்தத்தில் அதிகம் கலப்பதில்லை. 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். அக்கி வந்ததும் காவியில் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இங்கே குடியேறிய நம்மவர்களிடமும் இருக்கிறது. நம்பிக்கை உள்ளவர்கள் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். கொப்புளம் சீக்கிரம் ஆறும், ஆரம்ப வலியும் தணியும். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு தவணை, நடுவே 2 முதல் 6 மாத இடைவெளி. விலை அதிகம்தான். ஆனால் அக்கிக்குப் பின் வரும் அந்த வலியை நேரில் பார்த்த எந்தக் குடும்பமும் அதை வீண் செலவு என்று சொல்லாது.

பூச்சு, ஊசி, கருவி

மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் கிரீம் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வழி. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வாரக்கணக்கில் தடவ வேண்டும், முதலில் எரிச்சல் கூடும். அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் அவ்வளவுதான். டென்ஸ் எனப்படும் சிறிய மின்தூண்டல் கருவி பெரிய கெடுதல் செய்யாது, ஆதாரம் குறைவு. பிசியோதெரபிஸ்டிடம் சில முறை முயன்று பார்த்துவிட்டு வாங்கலாம். அபின் வகை வலி மாத்திரையான டிராமடால் பலிக்கும், ஆனால் பழக்கமாகும் அபாயத்தால் 2018இலிருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. டுலாக்ஸெடினோடும் அமிட்ரிப்டிலினோடும் சேர்த்து எடுப்பது ஆபத்து. தண்டுவடத்தருகே மின்தூண்டல் கருவி பொருத்துவது, எல்லா மருந்துகளும் கைவிட்ட சிலருக்குப் பெரிய உதவி. செலவு பல லட்சம். மருந்துகளை ஒழுங்காக முயலாத ஒருவருக்கு யாராவது இதை முதலிலேயே பரிந்துரைத்தால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள்.

எண்ணெய் தேய்ப்பது தூக்கத்துக்கு இதமாக இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் மரத்துப்போன பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்து, அந்தப் புண்ணிலிருந்து விரலை எடுக்கும் நிலைவரை போவது சர்க்கரை நோயாளிகளுக்கு நடக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு வெறுங்காலில் காவடி எடுப்பவர்கள் அன்றிரவு இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும், உள்ளங்காலை வேறொருவர் பார்த்தால் இன்னும் நல்லது. முத்திரை இல்லாத பஸ்பம், செந்தூரம் வாங்கிச் சாப்பிடாதீர்கள். சரியாகச் சுத்தி செய்யாத உலோக மருந்தில் ஈயம் இருந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பெங்களூரில் எங்கே போவது

சர்க்கரையோ பி12ஓ காரணம் என்று தெளிவாக இருந்தால், பல வருடமாக நம்மைப் பார்க்கும் குடும்ப டாக்டரே போதும். நம் மற்ற மாத்திரைகள் எல்லாம் அவருக்குத் தெரியும் என்பது பெரிய சௌகரியம். பரிசோதனைக்குச் சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரியும், கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் விக்டோரியாவும் செலவு குறைந்த அரசு வழிகள். வலி ஒரு பக்கம் மட்டும் இருந்தால், வேகமாகப் பரவினால், கை கால் பலம் குறைந்தால், காரணமே பிடிபடாவிட்டால் நரம்பியல் மருத்துவர்தான். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் என்றதும் "அது மனநோய் ஆஸ்பத்திரி ஆச்சே" என்று தயங்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே நரம்பியலும் நரம்பு அறுவை சிகிச்சையும் பெரிய துறைகள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்தெல்லாம் நம் மக்கள் அதற்காகவே பஸ் ஏறி வருகிறார்கள். கூட்டம் அதிகம், ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு காலையில் சீக்கிரம் போக வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளின் வலி மருத்துவப் பிரிவுகள் ஊசிகளுக்கும் கருவிகளுக்கும் பொருத்தம். இரண்டு மருந்துகளை முழு அளவில் பார்த்துவிட்டு அங்கே போவதுதான் பணத்துக்கு மதிப்பு. எலும்பு டாக்டரிடம் முதலில் போவது சயாட்டிகாவுக்குச் சரி, இரண்டு பாதமும் ஒரே மாதிரி எரிவதற்குச் சரியில்லை.

எங்கே போனாலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இதுவரை சாப்பிட்ட மருந்துகள், ஒவ்வொன்றும் எந்த அளவுவரை, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினோம், பத்துக்கு எத்தனை வலி, எத்தனை மணி நேரம் தூக்கம். இந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் அம்மாவின் டாக்டர் மருந்தை மாற்ற முடிவெடுத்தார்.

வலி அடங்கி சில மாதங்கள் நிலையாக இருந்தால், குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சிலருக்கு மருந்து வருடக்கணக்கில் வேண்டியிருக்கும், சிலருக்குப் பாதி அளவே போதும். நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பிரிகாபாலினைச் சட்டென்று விட்டால் வியர்வை, பதற்றம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். டுலாக்ஸெடினை விட்டால் தலைச்சுற்றலும் மண்டைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரியும் இருக்கும். வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது அட்டையை எண்ணி எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து தவிப்பவர்கள் அதிகம்.